கமராவுக்கு ஒரு கொத்து, மதியத்துக்கு ஒரு நண்டுக்கறி: கல்லடியில் ஓர் உணவகம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் வீதிகளில் ஒன்றில் இருக்கும் உணவகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதன் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்ல இருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் அந்தக் கடையுடையவை அல்ல, அங்கே போய் உட்காரும் நம்முடையவை என்பதே அதற்குக் காரணம். கடந்த ஆறு மாதங்களில் அங்கே மூன்று தடவை சாப்பிட்டேன். முதல் தடவை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் போனேன். இரண்டாம் தடவை, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர்கள் என்னுடைய பதிவைப் பார்த்துவிட்டு என்னையே அழைத்துப் போனார்கள். மூன்றாம் தடவை ஒரு புதன்கிழமை மதியம், கைத்தொலைபேசியை மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தனியே போனேன்.

அந்தக் காணொளி இருபது வினாடிகளுக்கு மேல் ஓடாது. ரொட்டிக் கல்லில் இரண்டு தகடுகள் தாளம் போடுகின்றன, ஆவி எழுகிறது, ஒரு கை அகப்பையை உயரத் தூக்கி, உருகிய சீஸை நூல் போலக் கொத்து ரொட்டியின் மீது விடுகிறது, மேசையில் இருக்கும் இளைஞர் ஒருவர் முதல் வாயிலேயே கண்களை மூடிக்கொள்கிறார். ஒரே வாரத்துக்குள் இந்தக் காணொளி ஐந்து பேரிடமிருந்து எனக்கு வந்தது. மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பினார், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் திரையை நீட்டிக் காட்டினார், பள்ளித் தோழர்களின் குழுவில் இருவர் அடுத்தடுத்துப் போட்டார்கள், ஊருக்கு வெளியே இருக்கும் தங்கை “நீங்க இன்னும் போகல்லையா?” என்று கேட்டு அனுப்பினாள். மூன்றாவது தடவை பார்த்தபோதே போவதென்று தீர்மானித்துவிட்டேன். பிற்பாடு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததில், அந்த ஐவரில் ஒருவர்கூட அதுவரை அங்கே சாப்பிட்டதில்லை என்று தெரிந்தது. ஐந்து பேர் பரிந்துரைத்த கடைக்குப் போவதாக எண்ணிக்கொண்டு, ஒருவரும் பரிந்துரைக்காத கடைக்குப் போயிருக்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமை இரவு. வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். வீதியின் எதிர்ப்பக்கத்தில், ஓலைத் தட்டியின் கீழே ஒரு வயதான தம்பதியர் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் மட்டும் நின்றார். நாங்கள் நாற்பது பேரும் அந்த ஆப்பக் கல்லைப் பார்த்தபடிதான் காத்திருந்தோம். ஆனாலும் கடக்க வேண்டிய பத்தடித் தூரத்தை ஒருவரும் கடக்கவில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் நல்ல சாப்பாடு இருக்கும் என்பது நம் ஊரில் பழைய கணக்கு. பேருந்தில் போகும்போது லொறிச் சாரதிகள் நிறுத்தும் கடையைப் பார்த்து இறங்கச் சொல்லி என் அப்பாவும் பழக்கியிருக்கிறார். அந்தச் சாரதிகள் தாங்கள் முன்பு சாப்பிட்ட கடைக்கே திரும்ப வருபவர்கள். சனிக்கிழமை இரவு நின்ற நாங்களோ ஒருவரை ஒருவர் பார்த்து வந்தவர்கள். அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர்களான மத்தியூ சல்கனிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வொட்ஸ் ஆகிய மூவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 14,341 பேருக்கு அவர்கள் அறியாத பாடல்களைக் கேட்கக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எண்ணிக்கையைக் கண்டவர்களிடையே பிரபலமான பாடல்கள் மேலும் பிரபலமாயின. எது மேலே வரும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினமாயிற்று. மிகச் சிறந்தவை பெரும்பாலும் அடியில் கிடக்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் உச்சிக்குப் போகவில்லை. இடையில் இருந்தவற்றுக்கு எதுவும் நேரலாம் என்ற நிலை. இந்த வீதியின் இரண்டு கடைகளும் அந்த இடைநிலையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். அதிலும் ஆப்பம் சற்று மேலே.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு இடம் கிடைத்தது. சீஸ் கோழிக் கொத்து, 1,850 ரூபா. தட்டைக் கொண்டுவந்து வைத்த பையன், கையில் சீஸ் பாத்திரத்துடன் நின்று, “அண்ணா, வீடியோ எடுக்கிறீங்களா? எடுக்கிறதெண்டா சொல்லுங்க, பிறகு ஊத்துறன்” என்று பணிவாகக் கேட்டான். நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். அவன் ஒரு கணம் என் திரையை எட்டிப் பார்த்து, வெளிச்சம் விழும் பக்கத்துக்குத் தட்டைச் சிறிது திருப்பி வைத்து, அகப்பையைத் தன் நெற்றி உயரத்துக்குத் தூக்கினான். முதல் முயற்சியில் என் விரல் தவறான இடத்தைத் தொட்டதால் பதிவாகவில்லை என்றதும், முகம் சுளிக்காமல் இன்னோர் அகப்பை ஊற்றினான். அந்தப் பையனின் கை நேர்த்தி பாராட்டத்தக்கது. ஆனால் அந்த உயரத்திலிருந்து விழும் சீஸ் தட்டுக்கு வரும்போதே சூட்டைப் பாதி இழந்துவிடுகிறது; இரண்டு தடவை ஊற்றி, எடுத்ததைச் சரிபார்த்து, பதிவேற்றி முடிப்பதற்குள் மேலே ஒரு தோல் படிந்துவிட்டது. கரண்டியை விட்டால் பாலாடையைப் போலச் சுருண்டு வந்தது. அதன் கீழே ரொட்டி இழுவையாக இருந்தது. கோழி, காலையில் அவித்து வைத்ததாக இருக்க வேண்டும், நார் நாராகப் பிரிந்தது. சீஸின் உப்புக்கு மேல் சமையற்காரரின் உப்பும் சேர்ந்திருந்தது. கொத்து என்பது கல்லிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள் வாய்க்குப் போக வேண்டிய சாப்பாடு. அதைக் கமராவுக்காகக் காக்க வைத்தால் அது வேறொரு பண்டமாகிவிடுகிறது.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் இருந்தது. மூன்று தலைமுறையும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய தட்டு வந்ததும், எழுபது வயதைத் தாண்டிய அம்மம்மா பசியோடு கையை நீட்டினார். “அம்மம்மா, தொடாதீங்க, கொஞ்சம் இருங்க, இன்னும் எடுக்கல்ல” என்றாள் பேத்தி. சொன்ன விதத்தில் கடுமை இல்லை, அன்பாகத்தான் சொன்னாள். அம்மம்மா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு, பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து எடுத்து முடிக்கும் வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு முதலில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தாங்கள் சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் அவர்கள் என்பது, எடுத்து முடித்ததும் முதற் பங்கை அம்மம்மாவுக்கே வைத்ததிலிருந்து தெரிந்தது. மரியாதை போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மரியாதைக்கு முன்னால் புதிதாக ஒருவர் வரிசையில் வந்து நின்றுவிட்டார், அவரை யாரும் அழைத்த நினைவு இல்லை, எல்லோரும் அவருக்கு இடம் விடுகிறோம்.

கட்டணத்தைச் செலுத்தும் இடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கூகுள் வரைபடத்தில் ஐந்து நட்சத்திரம் இட்டு, அந்தத் திரையைக் காட்டினால் குளிர்பானம் இலவசம். உட்காரும் முன்பே அதைப் பார்த்த நான், காத்திருந்த நேரத்திலேயே ஐந்து நட்சத்திரத்தை இட்டிருந்தேன். அதாவது, சாப்பிடாத சாப்பாட்டுக்குச் சாட்சி சொன்னேன். எழுதுவதை மதிக்கிறவன் செய்யத் தகாத காரியம் அது. இன்று வரை எனக்கு அது உறுத்துகிறது. கைம்மாறு கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. விதியைவிடவும் அதன் விளைவுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 2013 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த முச்னிக், ஆரல், டெய்லர் ஆகியோரின் ஆய்வில், ஓர் இணையத்தளத்தின் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே எழுந்தமானமாக ஒரு முதல் ஆதரவு வாக்கை இட்டுவிட்டுப் பார்த்திருந்தார்கள். அந்த ஒரே ஒரு போலி வாக்கு, அக்கருத்துகளின் இறுதி மதிப்பைச் சராசரியாக 25 சதவீதம் உயர்த்தியது. பின்னால் வந்தவர்கள் பொய் சொல்லவில்லை; முன்னால் இருந்த எண்ணைப் பார்த்துத் தங்கள் உண்மையான கருத்தையே சற்று நகர்த்திக்கொண்டார்கள். நானும் கொத்தைப் பற்றி அப்படித்தான் நடந்துகொண்டேன். உப்புக் கூடியதை நாக்கு அறிந்திருந்தும், வீட்டுக்கு வந்து காணொளியைப் பதிவிட்டபோது “கட்டாயம் ஒருமுறை போக வேண்டிய இடம்” என்று எழுதினேன். நாற்பது பேரோடு நின்று, ஐந்து நட்சத்திரம் இட்டு, இரண்டு அகப்பை சீஸை வீணாக்கிய பிறகு, நல்லாயில்லை என்று சொல்வதற்கு என்னிடம் துணிவு மிஞ்சவில்லை. அந்தப் பதிவுதான் இரண்டு வாரம் கழித்து என் உறவினர்களை அங்கே கூட்டிப் போயிற்று. அவர்களும் எடுத்தார்கள், அவர்களும் நல்லதென்றே எழுதினார்கள். இரண்டாம் வருகையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அன்றைய சாப்பாட்டின் ருசி எனக்கு நினைவில் இல்லை. என் தொலைபேசியில் அன்றைய படங்கள் முப்பத்தொன்று இருக்கின்றன.

உரிமையாளருடன் பேசினேன். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கடை தொடங்கியபோது மதியச் சோறு மட்டும்தான். வங்கிகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்பவர்கள் வாடிக்கையாளர்கள். கொரோனாக் காலத்தில் மூடினார், 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டில் மறுபடியும் மூடினார், திறந்தபோது பழையவர்களில் பாதிப்பேர் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறியிருந்தார்கள். அந்த வேளையில் யாரோ ஓர் இளைஞர் போட்ட காணொளி அவரைக் காப்பாற்றியது. இப்போது அவருக்கு வேறு கவலை. படம் எடுப்பவர்கள் முன்பணம் கேட்கிறார்கள். “காசு குடுக்காட்டி வர மாட்டாங்க எண்டு பயமில்ல தம்பி, வந்து வேற மாதிரிப் போட்டிருவாங்க எண்டுதான் பயம்” என்றார். அதனால் கொடுக்கிறார். அதனால் கொத்தின் விலை உயர்கிறது. காணொளிகளில் எதிலும் இது பணம் பெற்றுச் செய்த விளம்பரம் என்ற ஒரு வரி இல்லை; இதைப் போடாதது பார்ப்பவர்களை ஏமாற்றுவதே என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவருடைய அந்தப் பயத்தை நான் மிகையென்று தள்ளிவிடாததற்குக் காரணம், ஒரு காணொளி ஓர் உணவகத்தை என்ன செய்யக்கூடும் என்பதை நமது கிழக்கு மாகாணம் கண்ணால் கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது ஆண்மையை அழிக்கும் மாத்திரைதானே என்று வாடிக்கையாளர்கள் கடையில் இருந்தவரை மிரட்டினார்கள். சிங்களம் சரியாகப் புரியாத அவர், சூழ்ந்து நின்றவர்களுக்கு நடுவே தடுமாறிச் சொன்ன பதில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பதிவாகி முகநூலில் பரவியது. அன்றிரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாத்திரை அல்ல, மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பகிர்வதற்குக் கைகள் அவ்வளவு விரையவில்லை. ஒரு வாரத்தில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அவசரகாலநிலை வந்தது, மார்ச் 7 இல் அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் உள்ளிட்டவற்றை ஒரு வார காலம் முடக்கியது. அந்நாட்களில் முகநூலின் நிரல், கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்து, 2017 முதல் பதிவுகளை முன்னுக்குத் தள்ளி வந்தது என்பது, அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் 2021 இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. இலங்கையில் நடந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சீஸ் விழும் காணொளியை அந்த ஐவர் வழியாக எனக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் மாவுக்கட்டியை மாத்திரையாக ஊரெல்லாம் காட்டியதும் ஒரே வகைப் பொறி. பார்ப்பவர் எதில் நிற்கிறார், எதை அடுத்தவருக்குத் தள்ளுகிறார் என்பதை மட்டும் அது கணக்கிடுகிறது. கட்டியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கும் வழி அதற்கு இல்லை. அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் மேசையில் இருந்தவர்கள் மட்டுமே, அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள் என்ற செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலும் பரவின, எனக்கும் வந்தன. நான் ஒன்றையும் பகிரவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில், வழமையாக மஸ்கட், தொதல் ஆகிய இனிப்புகளை வாங்கும் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தவும் இல்லை. பகிராததால் நான் பாதிக்கப்படவில்லை என்று நினைத்திருந்தேன். என் வண்டியின் வேகத்தை அந்தச் செய்திகளே தீர்மானித்தன. பல மாதங்கள் கழித்து நிறுத்தியபோது, கடைக்கார நானா எதுவும் கேட்காமல் முன்பு வாங்கும் அளவையே நிறுத்துத் தந்தார்.

இனி மூன்றாம் வருகை. புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். சுவரில் வரைந்திருக்கும் பெரிய பாடும் மீனின் முன்னால் யாரும் நிற்கவில்லை. மேசைக்கு மேலே தொங்கும் வட்ட விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. தட்டில் வெள்ளைச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பாற்கறி, ஒரு துண்டு பொரித்த மீன், தனிக் கிண்ணத்தில் வாவி நண்டு. நண்டை இரண்டாகப் பிளந்து, கால்களை ஒரு தட்டுத் தட்டிக் கீறல் விட்டு, உறைப்பு உள்ளே இறங்கும்படி வைத்திருந்தார்கள். குழம்பு கருங்கபிலம், வறுத்த மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் தேங்காயை வறுத்து அரைத்த கூட்டும் முதலில் மணந்தன, கடைசியில் இறக்கும்போது தூவிய முருங்கையிலையின் பச்சை வாசம் பின்னால் வந்தது. ஓட்டுக்குள் இருந்த சதை இனித்தது. கீரைச் சுண்டலில் தேங்காய்ப்பூ ஈரமாக, அப்போது துருவியதாக இருந்தது. கால்களைக் கடித்து உறிஞ்ச இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. தொலைபேசி பக்கத்தில் இருந்திருந்தாலும் எந்த விரலால் தொட்டிருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டேன். இவ்வளவு நல்ல நண்டுக்கறியை மட்டக்களப்பில் கடையொன்றில் நான் அண்மையில் சாப்பிட்டதில்லை.

சமைத்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்தார். கடை தொடங்கிய நாள் முதல் அவர்தான் மதியச் சமையல். இந்தக் கறியைப் பற்றி ஏன் எந்தக் காணொளியும் இல்லை என்று கேட்டேன். “வந்தாங்க மனே, சட்டியத் திறந்து பாத்திட்டுப் போயிட்டாங்க. இது வீடியோக்கு எடுபடாதாம், எல்லாம் ஒரே நிறமாம்” என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது. இரவுக் கொத்துக்குக் கூட்டம் பெருகியதால், முன்பு ஏழு நாளும் இருந்த மதியச் சமையல் இப்போது ஐந்து நாளாகச் சுருங்கியிருக்கிறது. உரிமையாளர் அதை முற்றாக நிறுத்திவிட யோசிப்பதாகவும் அந்த அம்மா சொன்னார். காணொளியில் எடுபடாத கறி, கடையின் உணவுப் பட்டியலிலிருந்தே வெளியேறும் வழியில் நிற்கிறது. கடையைக் காப்பாற்றிய காணொளி, அந்தக் கடை நன்றாகச் செய்யும் ஒரே காரியத்தை இப்படித்தான் தின்றுகொண்டிருக்கிறது.

அன்று மாலை என் ஐந்து நட்சத்திரத்தை அழித்துவிட்டு, இரவுக் கொத்துக்கு இரண்டு, மதியச் சோற்றுக்கு ஐந்து என்று பிரித்து எழுதினேன். முகநூலில் இருந்த பழைய பதிவின் கீழும் அதையே எழுதி, சாப்பிடும் முன்பே நட்சத்திரம் இட்டதையும் சொன்னேன். உரிமையாளரிடம் நேரில் இரண்டு காரியங்களைக் கேட்டிருக்கிறேன்: குளிர்பான அறிவிப்பைக் கழற்றுவது, மதியச் சமையலை நிறுத்தாமல் இருப்பது. முதலாவதைக் கழற்றிவிட்டார். இரண்டாவதற்கு, மதியம் ஆட்கள் வந்தால் பார்க்கலாம் என்றார்.

ஆகவே போக விரும்புபவர்களுக்கு: மதியச் சமையல் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். சோறு 750 ரூபா, நண்டுடன் 1,200. ஒரு மணிக்குப் பிறகு போனால் நண்டு இருப்பது நிச்சயமில்லை. கை கழுவும் தொட்டி சுத்தமாக இருக்கிறது. கழிவறையை இன்னும் நன்றாக வைத்திருக்கலாம். பின்பக்கம் வேப்பமரத்தின் கீழே நாலு மேசைகள் இருக்கின்றன, காற்று நன்றாக வரும். நண்டு முடிந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டாம்: சட்டியின் அடியில் பிடித்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தரும்படி அந்த அம்மாவிடம் கேட்டால் தருவார். அது பட்டியலில் எழுதப்பட்டிருக்காது, வாய் திறந்து கேட்க வேண்டும்.